ஆசனத்தை விற்குமுன் அளவு நாடாவை எடுங்கள்
மூன்று பேரப்பிள்ளைகளும் ஒரு ஜீப்பும் எனக்குக் கற்பித்த வியாபாரப் பாடம்



இப்பகுதியில் வழக்கமாகக் கொள்முதல், கடன், கணக்குப் புத்தகம் என்றுதான் பேசி வருகிறோம். இம்முறை ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன். அது வாகனத்தில் பிள்ளைகளை இருத்தும் பாதுகாப்பு ஆசனம். "இதில் என்ன வியாபாரப் பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பினால் முதலில் வாங்குபவனாக நட்டப்பட்டேன். பின்னர் விற்பவனாகத் தவறு செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுவதுதான் முறை.

அரநாயக்கவில் பிள்ளைகளுக்கான உடுப்பு, தொட்டில், பால்போத்தல், விளையாட்டுப் பொருட்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் ஊர்ப் பாதைகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாவனல்லைக்கு இறங்கினாலும் ஹெம்மாத்தகமப் பக்கம் போனாலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், இடையில் வளைவுக்குமேல் வளைவு. கண்டிக்குப் போவதென்றால் கடுகண்ணாவை ஏற்றத்தையும் தாண்ட வேண்டும்.

அந்த ஏற்றத்தில் இறங்கி வரும்போதுதான் சம்பவம் நடந்தது. மருமகன் ஜீப்பை ஓட்டினார். முன்னால் போன லொறி திடீரென நின்றது. மருமகனும் பிரேக்கை மிதித்தார். வாகனம் எதிலும் மோதவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்னால் மகளின் மடியில் இருந்த ஒன்பது மாதக் குழந்தை கையிலிருந்து நழுவி முன் ஆசனத்தின் முதுகில் போய் முட்டியது. உதடு வெடித்து இரத்தம் வந்தது. மகள் அழுதுகொண்டே, "வாப்பா, நான் இறுக்கித்தானே பிடிச்சிருந்தேன்" என்றாள். அந்த வார்த்தை பல நாட்கள் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

கை ஏன் போதாது?

மகள் பொய் சொல்லவில்லை, இறுக்கித்தான் பிடித்திருந்தாள். கணக்குத்தான் அவளுக்கு எதிராக இருந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாமல் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னோக்கிப் போகிறார். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. நாங்கள் "மெதுவாகத்தான் போகிறோம்" என்று சொல்லும் 40 கிலோமீட்டர் வேகமும் 6 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்துக்குச் சமம். இரண்டாம் மாடியிலிருந்து விழும் பிள்ளையைக் கையால் எட்டிப் பிடிக்க முடியுமா? முடியாது. மடியில் வைத்திருக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதும் அப்படித்தான்.

பெரியவர்கள் இடும் பட்டி மட்டும் போதுமா என்றால், சிறு பிள்ளைக்கு அதுவும் போதாது. வாகன ஆசனப் பட்டி வளர்ந்த மனிதனின் இடுப்பெலும்பையும் தோளெலும்பையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டது. சிறு பிள்ளையின் உடம்பில் அது வயிற்றின் மீதும் கழுத்தின் மீதும் போய் நிற்கும். காப்பாற்ற வேண்டிய பட்டியே காயப்படுத்திவிடும். பிள்ளைக்குத் தனி ஆசனம் தேவைப்படுவது இதனால்தான். சரியான ஆசனத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் மரணங்களை 71 சதவீதம் வரை குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்த அறிவு உலகத்துக்கும் மெதுவாகத்தான் வந்தது. இன்று நாம் இடும் மூன்று முனைப் பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அந்நிறுவனம் அதன் காப்புரிமையை மற்றைய உற்பத்தியாளர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதே சுவீடனில் 1964இல் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகு சாய்த்துப் படுத்திருக்கும் விதத்தைப் பார்த்துப் பின்நோக்கிய குழந்தை ஆசனத்தை யோசித்தார். அமெரிக்காவில் முதன்முதலில் டென்னசி மாநிலத்தில்தான் 1978இல் இதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு வாகனங்கள் அனுப்பும் ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது கட்டாயம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2017 முதல் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆசனம் இல்லாவிட்டால் 400 திர்ஹம் தண்டம். எங்கள் நாட்டில் 2011இல் சாரதிக்கும் முன் ஆசனத்தில் இருப்பவருக்கும் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் உம்மாவின் மடியில் பிள்ளை என்பது எங்கள் பழக்கமாகவே இருந்துவிட்டது.

நான் வாங்கிய மூன்று

சம்பவம் நடந்த வாரமே கொழும்புக்குப் போனேன். வியாபாரி அல்லவா? மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற புத்திதான் முதலில் வேலை செய்தது. பேரப்பிள்ளைகள் மூவர்: ஆறு வயதுப் பையன், மூன்றரை வயதுப் பெண், ஒன்பது மாதக் குழந்தை. "மூன்று பிள்ளைகள், மூன்று ஆசனங்கள்" என்று ஒரே மாதிரியில் ஒரே நிறத்தில் மூன்றை வாங்கினேன். பார்ப்பதற்குச் சிம்மாசனம் போல இருந்தன.

வீட்டுக்கு வந்து ஜீப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. எங்களது ஜப்பானிலிருந்து வந்த பழைய ஏழு ஆசன ஜீப். இரண்டாம் வரிசையில் கதவுக்குக் கதவு உள்ளகலம் 136 சென்ரிமீட்டர். நான் வாங்கிய ஆசனம் ஒன்றின் அகலம் 46. மூன்றுக்கும் 138. இரண்டே இரண்டு சென்ரிமீட்டர்தான் அதிகம், ஆனால் கதவு மூடவில்லை. அமுக்கி மூடலாம் என்றார் மருமகன். அப்போது நடு ஆசனம் சரிந்து தூக்கிக்கொண்டது.

அத்தோடு முடியவில்லை. நடு இடத்தில் இருந்தது இடுப்பைச் சுற்றும் இரண்டு முனைப் பட்டி மாத்திரமே. நான் வாங்கிய ஆசனத்துக்கோ மூன்று முனைப் பட்டி அவசியம். இதைவிடப் பெரிய பிழை ஒன்பது மாதக் குழந்தையின் விடயத்தில். அந்த வயதுப் பிள்ளை பின்நோக்கியே இருக்க வேண்டும். நான் வாங்கியது முன்நோக்கி மட்டும் வைக்கக்கூடியது. ஆக, ஒரே கொள்முதலில் மூன்று தவறுகள்: அகலம் பிழை, பட்டி பிழை, பிள்ளையின் பருவம் பிழை. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. குற்றம் விற்றவருடையது மட்டுமல்ல. அவர் எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் சொல்லவில்லை. இரண்டு வியாபாரிகள் சேர்ந்து செய்த ஒரு முட்டாள்தனம் அது.

முதலில் பிள்ளையை அளக்க வேண்டும்

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பின்வருவதை நீங்கள் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டுக்கும் உதவும், கடைக்கும் உதவும்.

ஆசனத்தின் பக்கத்திலோ பின்னாலோ செம்மஞ்சள் நிற லேபல் ஒன்று ஒட்டியிருக்கும். ஐரோப்பிய ஒழுங்குவிதிக்கு அமைவானது என்பதற்கு அது அடையாளம். அதில் ஆர் 44 என்றிருந்தால் பிள்ளையின் நிறையை வைத்துத் தெரிய வேண்டும். கைக்குழந்தைக்கு 13 கிலோ வரை, அடுத்த பிரிவு 9 முதல் 18 கிலோ, பிறகு 15 முதல் 25, கடைசியாக 22 முதல் 36 கிலோ. ஆர் 129 என்றிருந்தால், அதாவது 2013இல் வந்த புதிய விதி என்றால், பிள்ளையின் உயரத்தை வைத்துத் தெரிய வேண்டும். அந்த விதியின்படி குறைந்தது 15 மாதம் முடியும்வரை பிள்ளை பின்நோக்கியே இருக்க வேண்டும். அதற்கு மேலும் இடம் இருக்கும்வரை பின்நோக்கி வைத்திருப்பது இன்னும் நல்லது. குழந்தையின் தலை பாரம் கூடியது, கழுத்து பலம் குறைந்தது. பின்நோக்கி இருக்கும்போது அதிர்ச்சி முழு முதுகிலும் பரவிவிடும்.

இங்கே வியாபாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டெம்பர் முதல் ஆர் 44 ஆசனங்களைப் புதிதாக விற்க முடியாது. அங்கே தேங்கிய சரக்கு மலிவு விலையில் எங்களைப் போன்ற நாடுகளின் பக்கம் வருவது இயல்பு. ஆர் 44 என்பதற்காக அது ஆபத்தானது என்று அர்த்தமல்ல. சரியாகப் பொருத்தினால் அதுவும் பிள்ளையைக் காக்கும். ஆனால் புதிய விதிப்படி வந்தது என்று சொல்லி அதை விற்பது பொய். எது என்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும்.

அடுத்ததாக வாகனத்தை அளக்க வேண்டும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் எங்கள் பகுதியில் பழைய வாகனங்கள் அதிகம். வாகனத்துக்கு வாகனம் பின்வரிசை வேறுபடும். பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று, எத்தனை பட்டி? வெகன் ஆர் போன்ற ஜப்பானின் சிறிய ரகக் கார்கள் நான்கு பேருக்கானவை. பின்னால் இரண்டு பட்டிகள்தான் இருக்கும். அதில் மூன்று ஆசனங்கள் வைக்க வழியே இல்லை. எந்த ஆசனத்தைக் காட்டியும் அந்த வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாது.

இரண்டு, எந்தப் பட்டி? நடுவில் இடுப்புப் பட்டி மட்டும் என்றால், பெரிய பிள்ளையை உயர்த்தி வைக்கும் பூஸ்டர் ஆசனம் அங்கே ஆகாது. பூஸ்டருக்குத் தோள் பட்டியும் வேண்டும். தன் சொந்தப் பட்டியால் பிள்ளையைக் கட்டும் ஆசனங்களில் சிலவற்றை இடுப்புப் பட்டியால் பொருத்த அனுமதி உண்டு. அதை அதன் கைநூலில் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

மூன்று, ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா? ஆசனத்தின் முதுகும் இருக்கையும் சந்திக்கும் இடுக்கில் 28 சென்ரிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு ஓரங்களிலும்தான் இருக்கும், நடுவில் இருக்காது. எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், குஷன் வேலை. வாகனம் வாங்கியவுடன் ரெக்சின் உறை போட்டுவிடுகிறோம். அந்த உறை இந்தக் கம்பிகளை மூடிவிடுகிறது. சிலவேளை பட்டியின் பூட்டையே விழுங்கிவிடுகிறது. எங்கள் ஜீப்பிலும் உறையைக் கழற்றிய பிறகுதான் கம்பிகள் இருப்பதே தெரிந்தது.

நான்கு, உண்மையான அகலம் எவ்வளவு? கதவுக்குக் கதவு மட்டும் அளந்தால் போதாது. பட்டியைப் பூட்டக் கை போகவும் இடம் வேண்டும். அகலமான ஆசனம் பக்கத்துப் பிள்ளையின் பூட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், இடம் போதுமாக இருந்தும் அந்தப் பிள்ளையைக் கட்ட முடியாது.

ஐந்து, ஆசனம் எந்தப் பக்கம் பார்க்கிறது? பழைய ஜீப்புகளில் பின்னால் ஒன்றையொன்று பார்த்தபடி பக்கவாட்டு வாங்கு இருக்கும். அதில் பிள்ளை ஆசனம் பொருத்தவே கூடாது. முன் ஆசனத்தில் எயார் பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அங்கே பின்நோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. எயார் பேக் விரியும் வேகம் குழந்தையின் உயிரையே எடுத்துவிடும்.

மூன்றும் பொருந்திய விதம்

வாங்கிய மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்த விலைக்குக் குறைத்துத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவருக்கு ஒரே பிள்ளை, வாகனமும் பொருத்தம், அளந்து பார்த்த பிறகே கொடுத்தேன். மற்ற இரண்டையும் பின்னர் அவ்வாறே தள்ளிவிட்டேன். பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று வெவ்வேறு ஆசனங்களை அளந்து வாங்கினேன்.

குழந்தையின் பின்நோக்கிய ஆசனம் இடது ஓரத்தில். அதன் அகலம் 44. மூன்றரை வயதுப் பேத்திக்கு, இடுப்புப் பட்டியால் பொருத்த அனுமதியுள்ள, அடிப்பாகம் ஒடுங்கிய ஆசனம் நடுவில். அதுவும் 44. ஆறு வயதுப் பேரனுக்கு முதுகுள்ள பூஸ்டர் வலது ஓரத்தில், மூன்று முனைப் பட்டியோடு. அது 40. மொத்தம் 128. மீதி 8 சென்ரிமீட்டர் கை போவதற்கும் பூட்டுக்கும் போதுமாக இருந்தது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பின்நோக்கிய ஆசனமும் முன்நோக்கிய ஆசனமும் ஒரே உயரத்தில் அகலமாக இருப்பதில்லை. ஒன்று அகலும் இடத்தில் மற்றது ஒடுங்கும். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். ஒரே மாதிரியான மூன்றை வைத்தால் தோளோடு தோள் முட்டும். "ஒரே மாதிரி மூன்று" என்ற என் மொத்த வியாபாரப் புத்தி தோற்றது இங்கேதான்.

குழந்தையை இடது பக்கம் வைத்ததற்கும் காரணம் உண்டு. நாம் இடது பக்கமாக வாகனம் ஓட்டுபவர்கள். ஒடுக்கமான பாதையில் நிறுத்தினால் வலது கதவு எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் திறக்கும். தூக்கி ஏற்ற வேண்டிய பிள்ளைகள் பாதையோரக் கதவால் ஏற வேண்டும். தானாகப் பட்டி போடத் தெரிந்த பிள்ளைதான் மற்றப் பக்கம் இருக்க வேண்டும். அவனையும் உள்ளே ஏற்றுவது இடது பக்கமாகவே.

மூன்றாம் வரிசையுள்ள வாகனத்தில் பெரிய பிள்ளையைப் பின்னால் அனுப்பலாமா என்று கேட்பார்கள். அங்கே மூன்று முனைப் பட்டி இருந்து, தலைக்குப் பின்னால் இடமும் இருந்தால் பூஸ்டர் வைக்கலாம். ஆனால் இரண்டாம் வரிசையில் ஆசனம் பொருத்திய பிறகு அதை மடித்து வழிவிட முடியாது. அவசரத்தில் அந்தப் பிள்ளை எப்படி வெளியே வரும் என்பதை வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

இறுக்கிப் பார்க்கும் சோதனைகள்

பொருத்திய பிறகு பட்டி செல்லும் இடத்தில் ஆசனத்தைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்ரிமீட்டருக்கு மேல் அசைந்தால் பொருத்தியது போதாது. முழங்காலால் ஆசனத்தை அமுக்கிக்கொண்டு பட்டியை இழுத்தால் இறுகும். ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் பின் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துவிட்டு உள்ளே விட்டால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு பூட்டிக்கொண்டே போகும். பிள்ளை ஆசனம் பொருத்தவே அந்த ஏற்பாடு. பலருக்கு இது பட்டியின் கோளாறு என்ற எண்ணம்.

பிள்ளையைக் கட்டும் பட்டியைத் தோளெலும்புக்கு அருகில் விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி கிள்ளுப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பின்நோக்கிய ஆசனத்தில் தோள்பட்டி பிள்ளையின் தோள் மட்டத்திலோ அதற்குக் கீழோ தொடங்க வேண்டும். முன்நோக்கிய ஆசனத்தில் தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ தொடங்க வேண்டும். நுவரெலியாவுக்குப் போகும்போது தடித்த ஜக்கெட் போட்டுவிட்டு அதன்மேல் பட்டி போடாதீர்கள். பட்டியை முதலில் கட்டி, ஜக்கெட்டையோ போர்வையையோ மேலே போர்த்துங்கள். ஆசனத்தின் கீழே தலையணை, துவாய் என்று உங்கள் எண்ணப்படி எதையும் அடைக்காதீர்கள். பூஸ்டரில் இருக்கும் பிள்ளைக்கு இடுப்புப் பட்டி தொடையின் மேற்பகுதியில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. பிள்ளை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவைப்படலாம்.

வியாபாரிகளாகிய நமக்கு இன்னொன்று. நமது ஜீப்பும் வேனும் குடும்ப வாகனமாகவும் சரக்கு வாகனமாகவும் இருக்கின்றன. பின்னால் அரிசி மூடை, எண்ணெய் டின், கேஸ் சிலிண்டர், முன்னால் பிள்ளைகள். பிரேக் போடும்போது அந்தச் சரக்கும் அதே வேகத்தில் முன்னால் வரும். கட்டாத சரக்கோடு பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பிள்ளை இல்லாத நேரத்தில் வெறும் ஆசனத்தையும் பூட்டியே வையுங்கள்.

நான் விற்ற ஏழு

இதுவரை சொன்னது வாங்குபவனாக நான் கற்றது. விற்பவனாகக் கற்றது இதைவிடக் கசப்பானது.

ஆசனங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பலர் விசாரித்தார்கள். நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்து, வெளிநாட்டில் பாவித்த ஆசனங்கள் ஏழை ஒரு தொகுதியாக வாங்கிக் கடையில் வைத்தேன். கழுவித் துடைத்ததும் புதிது போலவே தெரிந்தன. முதலாவதை மாவனல்லையில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வாங்கினார். "நானா, நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிப் பணத்தைக் கையில் வைத்தார்.

இரண்டாவதை விற்பதற்காக உறையைக் கழற்றித் துவைத்தபோது, பிளாஸ்டிக் ஓட்டில் பட்டி செல்லும் துளைக்கு அருகில் வெண்மையான கோடு ஒன்று தெரிந்தது. வெடிப்பு. பெரிய விபத்தில் மாட்டிய ஆசனம் வெளியே நன்றாக இருந்தாலும் மீண்டும் பாவிக்கத் தகுதியற்றது என்பதை அப்போதுதான் அறிந்தேன். திருப்பிப் பார்த்தேன். அடியில் பொறித்திருந்த உற்பத்தி ஆண்டின்படி பத்து வருடம் எப்போதோ தாண்டியிருந்தது. பல உற்பத்தியாளர்கள் ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரையே தங்கள் ஆசனத்துக்கு ஆயுள் சொல்கிறார்கள். எந்த ஆசனத்தின் கடந்த காலமும் எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் விற்றிருந்தேன்.

அன்று மாலையே ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். "சேர், அந்த சீட்டில் இனி பிள்ளையை ஏத்த வேணாம். நான் வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவருடைய ஆசனத்தில் வெடிப்பு இருக்கவில்லை. இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழையும் பட்டிகளை வெட்டி, வேறு எவரும் எடுத்துப் பாவிக்க முடியாதபடி உடைத்து எறிந்தேன். மனைவி கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நட்டம்தான். ஆனால் கிழிந்த சேர்ட்டை விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். வெடித்த ஆசனத்தை விற்றால், அதில் குறை இருந்தது என்பது தெரியவரும் நாளே வேறு விதமான நாளாக இருக்கும். பிள்ளையின் உயிர் எங்கள் கையில் அமானிதமாக இருக்கும் பொருள் இது.

சில வாரங்களில் அதே ஆசிரியர் தன் பாடசாலையிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் இருவர் சிங்களவர்கள். வெடித்த ஆசனத்தின் கதையை அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நான் மறைக்க நினைத்திருக்கக்கூடிய கதைதான் எனக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது.

இப்போது கடையில் கடைப்பிடிப்பவை

1. வாடிக்கையாளர் விலை கேட்குமுன் நான் மூன்று கேள்விகள் கேட்பேன்: எத்தனை பிள்ளைகள், ஒவ்வொருவருடைய நிறையும் உயரமும் என்ன, வாகனம் எது?

2. வாகனத்தைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்வேன். அகலம், பட்டி, கொக்கி மூன்றையும் அளந்து கொப்பியில் எழுதுவேன். அதே ரக வாகனம் அடுத்த முறை வந்தால் அந்தக் கொப்பி உதவுகிறது. என் கடையில் விலை கூடிய சொத்து இப்போது அந்தக் கொப்பிதான்.

3. மாதிரிக்கு வைத்திருக்கும் ஆசனத்தைப் பொருத்திப் பார்த்த பிறகே பணம். பொருந்தாவிட்டால் விற்பதில்லை.

4. பொருத்துவது இலவசம். ஆனால் என் கையால் ஒருமுறை, பிள்ளையின் உம்மாவோ வாப்பாவோ தங்கள் கையால் ஒருமுறை. நான் ஒவ்வொரு நாளும் அவர்களோடு பயணம் போகப் போவதில்லை.

5. பாவித்த ஆசனம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பதிலாக, நானே புதிதாக வாங்கிய சிலவற்றை வாடகைக்குக் கொடுக்கிறேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் குடும்பங்களுக்கு அங்கே ஆசனப் பழக்கம் உண்டு, இங்கே ஒரு மாதத்துக்குப் புதிது வாங்க மனமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உண்டு. விபத்தில் மாட்டினால் அது திரும்ப வாடகைக்குப் போகாது.

6. முச்சக்கர வண்டிக்கு ஆசனம் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் அதிகமானோர் போவது அதில்தான் என்பது தெரியும். ஆனால் ஆசனத்தைப் பொருத்தப் பட்டி இல்லாத வாகனத்துக்கு அதை விற்பது, பாதுகாப்பு என்ற பெயரில் வெறும் குஷனை விற்பதாகும்.

இந்த வழியில் விற்கும் எண்ணிக்கை குறைவு. ஒரு ஆசனத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. பக்கத்துக் கடைக்காரர் பகிடியாக, "ஹாஜியார், நீங்க சீட் விக்கிறீங்களா, ஸ்கூல் நடத்துறீங்களா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். பொருளை மட்டும் விற்பவனோடு விலையில் போட்டி போட எவராலும் முடியும். பொருளோடு அறிவையும் உழைப்பையும் சேர்த்து விற்பவனோடு போட்டி போடுவது கடினம். மின்சாரப் பொருள், நீர்ப் பம்பி, கேஸ் அடுப்பு, கிருமிநாசினி எதை விற்பவருக்கும் இது பொருந்தும். தவறாகப் பாவித்தால் உயிருக்கு ஆபத்தான எந்தப் பொருளிலும், வாடிக்கையாளர் அதைச் சரியாகப் பாவிக்கக் கற்றுக்கொள்ளும்வரை விற்பனை முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. அண்மையில் மீண்டும் கடுகண்ணாவை இறக்கத்தில் வந்தோம். ஒரு மாடு குறுக்கே வர மருமகன் சடுதியாகப் பிரேக் போட்டார். நான் முன்னால் சாய்ந்து பட்டியில் தொங்கினேன். திரும்பிப் பார்த்தேன். பேரன் சிரித்தான். பேத்தியின் கையிலிருந்த பிஸ்கட் மட்டும் பறந்திருந்தது. சின்னவன் எழும்பவே இல்லை, பின்பக்கம் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மகள் எதுவும் சொல்லவில்லை. கையை நீட்டி அவனது பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அளவு நாடா ஒன்றின் விலை அற்பமானது. இன்றே ஒன்றை வாங்கி உங்கள் வாகனத்தில் போடுங்கள். கடையிலும் ஒன்றை வையுங்கள்.